முன்பாய் ஃபர்லர் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்மரப் படகில் முன்பாய்க்கு ஃபர்லர் மாட்டப் போகிறவர்களும், மாட்டிவிட்டுத் திணறுகிறவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உங்கள் ஃபர்லரோடு வந்த கையேடு இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

1. ஃபர்லர்னா என்ன? அதுல என்னென்ன பாகம் இருக்கு?

முன்பாயைக் கழற்றி மடக்காமல், ஃபோர்ஸ்டேயைச் சுற்றியே சுருட்டி வைக்கும் அமைப்புதான் ஃபர்லர். ஃபோர்ஸ்டே என்பது பாய்மரத்தின் மேலிருந்து அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, இறங்கும் கம்பி. அந்தக் கம்பியின்மேல் துண்டு துண்டாக இணைத்த அலுமினியக் குழல் ஒன்று போர்த்தியிருக்கும், அதற்கு ஃபாயில் என்று பெயர். ஃபாயிலில் மேலிருந்து கீழ்வரை ஒரு காடி ஓடும். பாயின் முன்விளிம்பு அதற்குள் நுழைந்துதான் மேலே ஏறும். அடியில் கயிறு சுற்றிய டிரம் இருக்கும். அப்புறம் மேலே ஸ்விவல். பாயின் தலையைக் கட்டிய அதன் கீழ்ப்பாதி பாயோடு சேர்ந்து சுற்றும், ஹேலியார்ட் கட்டிய மேல்பாதி சுற்றாமல் நிற்கும். ஹேலியார்ட் என்றால் பாயை மேலே ஏற்றும் கயிறு.

காக்பிட்டில், அதாவது படகோட்டுகிறவர் உட்காரும் இடத்தில், இருந்தபடி டிரம் கயிற்றை இழுத்தால் ஃபாயில் சுற்றும், பாய் சுருளும். பாயின் பின்மூலையில் கட்டிய ஷீட் கயிற்றை இழுத்தால் பாய் விரியும், டிரம் கயிறு தானாகவே திரும்பிச் சுற்றிக்கொள்ளும். இதில் ஸ்விவலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொல்லைகளில் பெரிய தொல்லை அங்கேதான் பிறக்கிறது, ஆனால் கண்ணுக்கு எதிரே இருப்பதால் எல்லோரும் டிரம்மைத்தான் திட்டுவார்கள்.

2. முழுசா சுருட்டுறதும் பாதி சுருட்டுறதும் ஒண்ணுதானே? ஏன் தனித்தனியா பேசுறாங்க?

ஒன்றில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட வைக்கம்-மார்ட்டின் வகை ஃபர்லரில் ஃபாயில் கிடையாது. கீழே ஒரு டிரம், மேலே ஒரு ஸ்விவல், நடுவில் பாயின் முன்விளிம்புக்குள் தைத்த கம்பி, அவ்வளவுதான். அதில் பாய் முழுக்க விரிந்திருக்கும், இல்லையென்றால் முழுக்கச் சுருண்டிருக்கும். பாதியில் நிறுத்தினால் கீழே முறுக்கும் முறுக்கு மேலே சரியாகப் போய்ச் சேராது, பாயின் நடுப்பகுதி தொங்கிப்போகும்.

விறைப்பான ஃபாயில் வந்த பிறகுதான் காற்று கூடும்போது பாயைப் பாதி சுருட்டி ஓட்டுவது, அதாவது ரீஃப் செய்வது, நம்பிச் செய்யக்கூடிய வேலையானது. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் ஃபாயில் உள்ள ஃபர்லரைப் பற்றித்தான்.

3. என் படகு 30 அடி. எந்த சைஸ் ஃபர்லர் வாங்கணும்?

படகின் நீளத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஃபோர்ஸ்டே கம்பியின் விட்டம், இரண்டு முனையிலும் உள்ள பின்களின் (முனையைக் கோத்துப் பூட்டும் ஆணிகளின்) விட்டம், பின்னிலிருந்து பின் வரையிலான நீளம், படகின் எடை, இந்த நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே 30 அடியில் எடை குறைந்த பந்தயப் படகும் இருக்கிறது, அதைப்போல இரண்டு மடங்கு எடையுள்ள நெடும்பயணப் படகும் இருக்கிறது. இரண்டின் கம்பிக்கும் வரும் சுமை ஒன்றாக இருக்காது.

உங்கள் அளவு இரண்டு சைஸுக்கு நடுவே விழுந்தால் பெரியதை எடுப்பதே நல்லது, அதுவும் தொலைதூரம் போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். மேலே கொஞ்சம் எடை கூடும், அது உண்மைதான். ஆனால் காற்று எகிறும் நேரத்தில் முறுக்கேறி வளையும் மெல்லிய ஃபாயிலோடு மல்லுக்கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

4. பழைய ஃபோர்ஸ்டே கம்பி பார்க்க நல்லாத்தான் இருக்கு. அதையே வச்சுக்கலாமா?

10 ஆண்டு தாண்டியிருந்தால், அல்லது வயதே தெரியவில்லை என்றால், மாற்றிவிடுங்கள். காரணம் எளிது: ஃபாயில் போர்த்திய பிறகு அந்தக் கம்பியை யாரும் பார்க்கப் போவதில்லை. வெறும் கம்பியாக இருந்தால் ஒரு இழை அறுந்தாலும் கண்ணில் படும், கையில் குத்தும். ஃபாயிலுக்குள் உப்பும் ஈரமும் அடைந்துகொண்டு கம்பி அரிக்கும்போது வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. அதிலும் அரிப்பு தொடங்குவது பெரும்பாலும் முனைகளில் அழுத்திப் பொருத்திய டெர்மினலுக்குள்தான், அதை எப்படியும் பார்க்க முடியாது.

சில ஃபர்லர்கள் புதுக் கம்பியோடு சேர்ந்தே வருகின்றன. அப்படி வராவிட்டாலும் மொத்தச் செலவில் கம்பியின் விலை சிறிய பங்குதான். அந்த ஒரு கம்பிதான் பாய்மரம் பின்னால் சாயாமல் பிடித்து நிற்கிறது, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

5. பாய்மரத்தை இறக்காமலேயே மாட்டலாம்னு சொல்றாங்க. நிஜமாவா?

மாட்டலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஃபோர்ஸ்டேயைக் கழற்றும் முன் அதன் வேலையை வேறு ஒன்று ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். முன்பக்கம் இறங்கும் உபரி ஹேலியார்ட் இரண்டை அணியத்தின் உறுதியான பொருத்தில் கட்டி, வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளையில்) இறுக்கிய பிறகுதான், பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்பக்கக் கம்பியைத் தளர்த்த வேண்டும். அணியத்தில் உள்ள கைப்பிடிக் கம்பியில் கட்டாதீர்கள், அது மனிதர் பிடித்துக்கொள்வதற்கு, பாய்மரத்தைத் தாங்குவதற்கு இல்லை. பாய்மரத்தில் ஏறுகிறவருக்கு இவை இரண்டும் இல்லாமல் தனியாக ஒரு கயிறும், கூடவே ஒரு பாதுகாப்புக் கயிறும் வேண்டும். அத்தனை கயிறு உங்கள் படகில் இல்லையென்றால் பாய்மரத்தை இறக்கிச் செய்வதே சரி.

காற்று இல்லாத காலை நேரமாகப் பாருங்கள். நீளமான ஃபாயிலைத் தூக்கும்போது நடுவில் தொங்கினால் இணைப்புகள் வளைந்துவிடும், அதனால் தரையில் இரண்டு பேராவது அதை ஏந்திக்கொண்டே நகர வேண்டும்.

6. கம்பியை எங்கே வெட்டுறது? அளவு தப்பிடுமோன்னு பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய இடம்தான். பழைய கம்பியை, அது படகில் இறுக்கமாக இருக்கும்போதே, டர்ன்பக்கிளின் (கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் இணைப்பின்) மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். பிறகு தரையில் நேராக நீட்டி, அதே மரை அளவில் வைத்து, பின்னின் மையத்திலிருந்து பின்னின் மையம் வரை அளங்கள். புது அமைப்பின் மொத்த நீளம், அதன் டர்ன்பக்கிள் பாதி திறந்திருக்கும்போது, இதே அளவுக்கு வர வேண்டும். அப்போதுதான் இறுக்கவும் தளர்த்தவும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். டெர்மினலுக்குள் கம்பி எவ்வளவு நுழையும் என்பதையும், நீங்கள் சேர்க்கப்போகும் டாகிள்களின் (முனையை எல்லாத் திசையிலும் மடங்கவிடும் இணைப்புகளின்) நீளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். வேறு ஒருவரைத் தனியாக அளக்கச் சொல்லி, இரண்டு அளவும் ஒத்துப்போன பிறகு வெட்டுங்கள்.

ஃபாயிலின் நீளம் வேறு கணக்கு. அதன் மேல்முனை பாய்மரத்தில் உள்ள கம்பி முனையைத் தொடக் கூடாது, எவ்வளவு இடைவெளி என்பது கையேட்டின் அட்டவணையில் இருக்கும். கூடவே, பாய் முழுக்க ஏறி ஹேலியார்ட் இறுகிய நிலையிலும் ஸ்விவல் ஃபாயிலின்மேல்தான் நிற்க வேண்டும். ஃபாயிலைத் தாண்டி ஸ்விவல் மேலே போய்விட்டால் அது வெறும் கம்பியில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும், பாய் இறங்காது, யாராவது மேலே ஏறித்தான் விடுவிக்க வேண்டும்.

7. டாகிள் மேலேயும் கீழேயும் வேணுமா? ஒண்ணு போதாதா?

இரண்டும் வேண்டும். பாய் காற்று வாங்கும்போது ஃபோர்ஸ்டே பக்கவாட்டில் தொய்கிறது, ஃபாயிலின் எடை சேர்ந்ததும் அந்த ஆட்டம் இன்னும் கூடுகிறது. முனை எல்லாத் திசையிலும் மடங்க வழியில்லை என்றால் கம்பி டெர்மினலின் வாயில் திரும்பத் திரும்ப வளைந்து, களைத்து, ஒருநாள் அங்கேயே அறுபடும். டாகிள் அந்த வளைவைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.

8. ஃபாயில் துண்டுகளை இணைக்கும்போது ஏதாவது ஸ்பெஷலா கவனிக்கணுமா?

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு நேரடியாகத் தொட்டு, அதில் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும், பிறகு அந்தத் திருகை எந்தச் சாமியும் கழற்ற முடியாது. அதனால் கையேடு சொல்லும் பசையைத் திருகின் மரையில் தடவித்தான் போட வேண்டும். திருகு தளரும் இடங்களில் நடுத்தர வலுவுள்ள மரைப்பூட்டுப் பசை, உலோகங்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் அரிப்புத் தடுப்புப் பசை என்று இரண்டு வகை உண்டு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

டிரம்முக்குள் மறையும் டர்ன்பக்கிளில் ஸ்ப்ளிட் பின் போட்டாகிவிட்டதா என்று மூடும் முன் விரலால் தொட்டுப் பாருங்கள். மூடிய பிறகு அது தெரியாது. ஃபர்லர் சுற்றும்போதெல்லாம் கம்பிக்கும் கொஞ்சம் முறுக்கு போகிறது, பூட்டாத டர்ன்பக்கிள் அதில் மெதுவாகத் திறந்துகொண்டே வரும்.

9. ஹேலியார்ட் கோணம், ஹேலியார்ட் கோணம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி என்ன அதுல?

ஃபர்லர் பொருத்துவதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சரியாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 1ஆம் பதிலில் ஸ்விவலின் மேல்பாதி சுற்றாமல் நிற்கும் என்று சொன்னேன். அதைச் சுற்றவிடாமல் பிடித்து வைப்பது எது? ஹேலியார்ட் மட்டும்தான். ஹேலியார்ட் ஃபாயிலோடு ஒட்டி, இணையாக ஏறினால் அதற்குப் பிடித்து நிறுத்தும் பலம் இருக்காது. பேரிங்கில் லேசாக உராய்வு வந்தாலே மேல்பாதியும் சேர்ந்து சுற்றும், ஹேலியார்ட் கொடி மாதிரி ஃபாயிலைச் சுற்றிக்கொள்ளும். அதன் பிறகு பாய் சுருளவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

ஆகவே ஸ்விவலிலிருந்து ஹேலியார்ட் பாய்மரத்தை நோக்கிச் சற்றுப் பின்னால் சாய்ந்து போக வேண்டும். ஃபோர்ஸ்டேக்கும் ஹேலியார்டுக்கும் இடையே 8 முதல் 10 டிகிரி என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஹேலியார்ட் வெளிவரும் கப்பி ஃபோர்ஸ்டே முனைக்கு மிக அருகில் இருந்தால் இந்தக் கோணம் தானாக வராது. அப்போது கப்பிக்குக் கீழே, பாய்மரத்தின் முன்முகத்தில் ரிஸ்ட்ரெய்னர் என்ற சிறு வழிகாட்டியைப் பொருத்தி, ஹேலியார்டை முதலில் பாய்மரத்தோடு ஒட்டி இறக்கி, அங்கிருந்து ஸ்விவலுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக அதை ரொம்பக் கீழே வைத்துவிடாதீர்கள், கயிறு கூர்மையாக மடங்கித் தேயும், பாயை இறுக்குவதும் சிரமமாகும். சில ஃபர்லர்களில் ரிஸ்ட்ரெய்னருக்குப் பதிலாக ஃபாயிலின் மேல்முனையிலேயே ஹேலியார்ட் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு வரும். உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தி முடித்ததும் பாயை ஏற்றிவிட்டுக் கரையில் இறங்கி, பக்கவாட்டில் நின்று பைனாகுலரில் பாருங்கள். ஹேலியார்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே வானம் ஆப்பு வடிவில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

10. என் பாய் கொஞ்சம் குட்டை. ஸ்விவல் பாதியிலேயே நிக்குது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டால் 9ஆம் பதிலில் சொன்ன தொல்லை நேராக வந்து நிற்கும். ஸ்விவல் கீழே நிற்க நிற்க அதற்கு மேலே நீளமான ஹேலியார்ட் ஃபாயிலுக்குப் பக்கத்திலேயே ஓடும், கோணமும் சுருங்கிவிடும்.

தீர்வு மலிவானது. பாயின் தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவே பென்டன்ட் என்ற நீளாத கயிறு அல்லது கம்பித் துண்டு ஒன்றைக் கட்டி, ஸ்விவலை ஃபாயிலின் மேல்முனைக்கு அருகே கொண்டுபோய்விடுங்கள். எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிக்க, பாயைச் சரியான இறுக்கத்தில் ஏற்றி, ஸ்விவல் நிற்கும் இடத்துக்கும் நிற்க வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தால் போதும். ஒவ்வொரு பாய்க்கும் தனித்தனிப் பென்டன்ட், அதை அந்தப் பாயிலேயே நிரந்தரமாகத் தைத்துவிடுங்கள். தனியாக வைத்தால் அவசரத்தில் மாற்றிக் கட்டிவிடுவீர்கள்.

11. கொக்கி போட்டு மாட்டுற பழைய பாய் இருக்கு. அதையே மாத்தித் தைக்கலாமா?

துணி நன்றாக இருந்தால் மாற்றலாம். கொக்கிகளைப் பிரித்துவிட்டு, உங்கள் ஃபாயில் காடிக்குப் பொருந்தும் தடிமனில் லஃப் டேப், அதாவது காடிக்குள் நுழையும் விளிம்புப் பட்டை, தைக்க வேண்டும். 5 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா என்பதைத் தைப்பவரிடம் சொல்லும் முன் ஃபாயிலோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். கீழே டிரம், மேலே ஸ்விவல் என்று இரண்டும் உயரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் முன்விளிம்பையும் பெரும்பாலும் குறைக்க வேண்டிவரும். கூடவே வெயில் தாங்கும் துணியைப் பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் தைக்க வேண்டும், ஏனென்றால் சுருண்ட பாயில் வெளியே தெரிவது அந்த இரண்டு விளிம்புகள்தான். தளர்ந்து தொப்பை விழுந்த பாய்க்கு இத்தனை செலவு தண்டம்.

12. வெயில் துணி ஒரு பக்கம்தான் இருக்கு. கயிறை டிரம்மில் எந்தப் பக்கமா சுத்துறது?

வெயில் துணி இருக்கும் முகம் வெளியே வரும்படி பாய் சுருள வேண்டும், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். அணியத்தைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். துணி பாயின் வலப்புற முகத்தில் இருந்தால், கயிறு டிரம்மின் இடப்புறத்திலிருந்து பின்னால் வர வேண்டும். துணி இடப்புறம் என்றால் கயிறு வலப்புறத்திலிருந்து. எப்போதும் எதிர்ப்பக்கம், அவ்வளவுதான்.

பாயை ஏற்றும் முன்பே கயிற்றை டிரம்மில் சுற்றியாக வேண்டும். கயிற்றின் முனையை டிரம்மில் முடிந்துவிட்டு, ஃபாயிலைக் கையால் திருப்பிச் சுற்றி ஏற்றுங்கள், அப்போது கயிறு கொஞ்சம் இறுக்கமாகவே ஏறட்டும். பிறகு பாயை ஏற்றி, காற்று இல்லாதபோது ஒருமுறை சுருட்டிப் பாருங்கள். வெயில் துணி உள்ளே போய்ப் பாயின் துணி வெளியே தெரிந்தால் திசை தலைகீழ்.

13. டிரம்மில் எத்தனை சுத்து இருக்கணும்? யாரும் சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க.

பாய்க்குப் பாய் மாறுவதால்தான் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாயின் அடிவிளிம்பு 5 மீட்டர், சுருண்ட பாயின் சராசரி விட்டம் 8 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் பாய் போகும், ஆக 20 சுற்று. இது இளங்காற்றில். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும், சராசரி விட்டம் 6 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் அதே பாய்க்கு 27 சுற்று ஆகும். அதனால்தான் அமைதியான நாளில் சரியாக இருந்த கயிறு காற்றடிக்கும் நாளில் போதாமல், பாயின் ஒரு மூலை வெளியே படபடக்கிறது.

ஆக 27, அதன்மேல் ஷீட் கயிறுகள் பாயைச் சுற்றிக் கட்டுவதற்கு 3, டிரம்மில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டிய 3, மொத்தம் 33. இவ்வளவும் டிரம்மின் விளிம்பைத் தொடாமல் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் மெல்லிய கயிறு போடுங்கள், அல்லது உறையும் உள்சரமும் தனித்தனியாக உள்ள கயிறாக இருந்தால் டிரம்முக்குள் போகும் பகுதியில் மட்டும் உள்சரத்தை உருவிவிடுங்கள். உறையே அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கையில் பிடிக்கும் பகுதி தடிமனாகவே இருக்கும், டிரம்மில் இடமும் கிடைக்கும்.

14. கயிறை காக்பிட் வரைக்கும் எப்படிக் கொண்டு வர்றது?

படகின் ஓரத் தூண்களில் சின்னக் கப்பிகளை மாட்டி அவற்றின் வழியாக. முதல் கப்பிதான் முக்கியம்: அங்கிருந்து கயிறு டிரம்முக்குள் ஃபோர்ஸ்டேக்குச் செங்குத்தாக, டிரம்மின் உயரத்தில் நடுவாக நுழைய வேண்டும். மேலேயோ கீழேயோ சாய்ந்து நுழைந்தால் கயிறு ஒரே பக்கமாகக் குவியும். மற்ற கப்பிகள் கயிறு வளையாமல் வர உதவினால் போதும். கடைசியில் ஒரு உறுதியான கிளீட், அதாவது கயிற்றைக் கட்டி நிறுத்தும் பொருத்து. தானாகப் பிடிக்கும் கிளீட் வசதியானதுதான், ஆனால் பாயைச் சுருட்டிவிட்டுப் படகை விட்டு இறங்கும்போது கொம்புக் கிளீட்டில் சுற்றிக் கட்டிவிட்டுப் போங்கள்.

15. பாயை விரிக்கும்போது டிரம்மில் கயிறு சிக்கிக்குது. டிரம் கோளாறா?

டிரம்மில் கோளாறு இல்லை, கயிற்றை அப்படியே கைவிடுவதுதான் காரணம். காற்று பாயைப் பிடித்ததும் டிரம் வேகமாகச் சுழலும். கயிறு தளர்வாகச் சுற்றி, ஒரு சுற்று இன்னொன்றின் அடியில் புதையும். அடுத்தமுறை சுருட்டும்போது அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும். விரிக்கும்போது டிரம் கயிற்றைக் கையில் லேசாக இழுத்துப் பிடித்தபடி, அல்லது வின்ச்சில் ஒரு சுற்றுப் போட்டு விட்டபடி, மெதுவாக விடுங்கள். காற்று பலமாக இருக்கும்போது வெறும் கையில் பிடித்து விட வேண்டாம், கயிறு உள்ளங்கையை எரித்துவிடும். இப்படிச் செய்தும் சிக்கினால் 14ஆம் பதிலில் சொன்ன முதல் கப்பியைப் பாருங்கள்.

16. சுருட்டுறது ரொம்ப கனமா இருக்கு. வின்ச் போட்டு இழுக்கலாமா?

முதலில் ஏன் கனமாக இருக்கிறது என்று பாருங்கள். ஷீட்டைத் தளர்த்தினீர்களா? காற்று நிறைந்த பாயை யாராலும் சுருட்ட முடியாது. படகைக் காற்று பின்னால் வரும்படித் திருப்பினால், பாய்மரத்துக்குப் பின்னால் விரியும் பெரிய பாயின் மறைவில் முன்பாய் அடங்கிவிடும், அப்போது கையாலேயே சுருளும். ஷீட்டை முழுக்கவும் விட்டுவிடாதீர்கள், கொஞ்சம் இழுவை இருந்தால்தான் பாய் இறுக்கமாகச் சுருளும்.

பெரிய படகுகளில் பலத்த காற்றில் வின்ச் தேவைப்படுவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வின்ச்சில் போட்டதும் உங்கள் கைக்கு எதுவும் தெரியாமல் போய்விடுகிறது. சாதாரணமாகக் கையால் சுருளும் பாய் இன்று சுருளவில்லை என்றால் வின்ச் கைப்பிடியை எடுக்காதீர்கள், மேலே பாருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

17. கீழே சுத்துது, ஆனா மேலே சுத்தவே மாட்டேங்குது. என்ன பண்றது?

நிறுத்துங்கள். ஹேலியார்ட் ஃபாயிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில சுற்று வந்துவிட்டு ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும், அதுதான் அடையாளம். இந்த நேரத்தில் வின்ச் போட்டு இழுத்தால் ஃபாயில் முறுகும், அதற்குள் இருக்கும் கம்பியின் இழைகள் பிரியும். ஃபோர்ஸ்டே அறுந்து பாய்மரமே சாய்ந்த படகுகள் உண்டு, இது பயமுறுத்தச் சொல்வதில்லை.

கயிற்றை விட்டுப் பாயைத் திரும்ப முழுக்க விரியுங்கள், ஹேலியார்டும் பிரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். பிறகு ஹேலியார்ட் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் கொஞ்சம் தளர்த்தி, தொளதொளவென்று இருந்தால் கொஞ்சம் இறுக்கி, காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சுருட்டிப் பாருங்கள். மறுபடியும் சிக்கினால் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பாயை இறக்கிவிட்டு, மீதிப் பயணத்தை பெரிய பாயிலோ எஞ்சினிலோ முடியுங்கள். கரைக்கு வந்ததும் 9ஐயும் 10ஐயும் திரும்பப் படியுங்கள், ஏனென்றால் சிக்கல் தானாகச் சரியாகவில்லை. அப்புறம் இன்னொன்று: உபரி ஹேலியார்ட் ஃபோர்ஸ்டேக்குப் பக்கத்தில் தொங்கினால் அதுவும் இதேபோல் பாயின் தலையில் சிக்கும். அதைப் பாய்மரத்தின் அடிக்குக் கொண்டுபோய்க் கட்டிவையுங்கள்.

18. பாதி சுருட்டினா பாய் தொப்பை போடுது, படகு காற்றுக்கு எதிரா ஏறவே மாட்டேங்குது.

சுருட்டும்போது முன்விளிம்பின் மேலும் கீழும் துணி பல மடிப்பாக ஏறுவதால் அங்கே சீக்கிரம் சுருளும், நடுவில் உள்ள குழிவு அப்படியே மிஞ்சும். முன்விளிம்போரம் நடுவில் ஃபோம் பட்டை வைத்துத் தைத்தால் அந்த இடம் தடித்து, குழிவையும் இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்குத்தான். பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் சுருட்டினால் எந்தப் பாயும் அழகாக நிற்காது, அதற்கு மேல் சிறிய பாய்தான் வழி.

பலர் மறக்கும் விஷயம், ஷீட் போகும் கப்பியை முன்னால் நகர்த்துவது. பாய் சுருளச் சுருள அதன் பின்மூலை முன்னாலும் மேலேயும் போகிறது, கப்பி பழைய இடத்திலேயே இருந்தால் பாயின் மேல்பகுதி திறந்து படபடக்கும். அடிவிளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் மைக்கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் கப்பி எங்கே என்று டெக்கிலும் குறித்துவிட்டால் இருட்டில்கூடத் தேட வேண்டாம்.

19. பின்பக்கக் கம்பியை எவ்வளவு இறுக்கணும்? ஃபர்லருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. ஃபோர்ஸ்டே தொய்ந்தால் ஃபாயில் வில்லாக வளையும். வளைந்த குழலைச் சுற்றுவது நேரான குழலைச் சுற்றுவதைவிடக் கடினம், பேரிங்கும் இணைப்புகளும் வீணாகத் தேயும். பாயும் ஆழமாகி 18இல் சொன்ன தொப்பை கூடும். காற்று ஏறும்போது பின்பக்கக் கம்பியை இறுக்க வசதி இருந்தால் ரீஃப் செய்யும் முன் இறுக்குங்கள். ஆனால் ஹேலியார்டை இறுக்கி இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். ஹேலியார்ட், முன்விளிம்பில் படுக்கையாக விழும் சுருக்கம் மறையும் வரை இறுகினால் போதும், அதற்கு மேல் போவதெல்லாம் ஸ்விவல் பேரிங்குக்கு வீண் சுமை.

20. கிரீஸ் எப்போ போடணும்?

உங்கள் பேரிங் எந்த வகை என்று தெரியாமல் போடவே கூடாது. சில ஃபர்லர்களில் பேரிங் மூடி முத்திரையிட்டு வரும், அதைத் தொட வேண்டியதில்லை. சிலவற்றில் பிளாஸ்டிக் குண்டுகள் திறந்தபடி இருக்கும்; அவற்றுக்கு நன்னீர் ஊற்றிக் கழுவுவதுதான் பராமரிப்பு, கிரீஸ் போட்டால் மண்ணும் உப்பும் ஒட்டிக்கொண்டு இன்னும் இறுகும். கிரீஸ் கேட்கும் வகையும் உண்டு, அதற்குக் கையேடு சொல்லும் கிரீஸ் மட்டும். நன்னீர்க் கழுவல் எல்லா வகைக்கும் நல்லது. ஸ்விவலையும் கீழே இறக்கிக் கழுவுங்கள், அதற்காகவாவது ஆண்டுக்கு ஒருமுறை பாயை இறக்கிய மாதிரி இருக்கும்.

21. புயல் எச்சரிக்கை வந்தா சுருட்டி இறுக்கிக் கட்டினா போதாதா?

போதாது, கழற்றிவிடுங்கள். கட்டி வைத்த படகில் சுருண்ட பாயின் ஒரு சிறு மடிப்பில் காற்று புகுந்தாலே அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, கடைசியில் முழுப் பாயும் விரிந்து கிழிந்து தொங்கும். பாயோடு சேர்த்து படகும் கட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு பக்கத்துப் படகுகளில் மோதும். இறக்குவதற்குப் பாயை முதலில் முழுக்க விரித்தாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள், காற்று ஏறிய பிறகு அது முடியாத காரியம். எச்சரிக்கை வந்த அன்றே, காற்று இன்னும் சாதுவாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

சாதாரண நாட்களில் ஷீட் கயிறுகளைப் பாயின்மேல் 2 அல்லது 3 சுற்றுச் சுற்றி, டிரம் கயிற்றைக் கட்டி, பின்மூலை உயரத்தில் தனியாக ஒரு கயிறும் கட்டிவிட்டால் போதும்.

22. நடுக்கடல்ல டிரம் கயிறு அறுந்துட்டா என்ன செய்யறது? பாய் முழுசா விரிஞ்சு நிக்குது, காற்றும் ஏறுது.

பாய் முழுசாக விரிந்திருப்பது உங்கள் நல்ல நேரம், ஏனென்றால் அதை ஹேலியார்டைத் தளர்த்தி இறக்கிவிடலாம். காற்று பலமாக இருந்தால், காற்றைப் பின்னால் வாங்கி, பெரிய பாயின் மறைவில் முன்பாயை வைத்துக்கொண்டு இறக்குங்கள். லஃப் டேப்பில் கொக்கி எதுவும் இல்லாததால் இறங்க இறங்கப் பாய் காடியிலிருந்து முழுக்க வெளியே வந்துவிடும், அதைக் கடலில் விழாமல் பிடிக்க டெக்கில் ஆள் வேண்டும். இறக்க வழியில்லை, ஆனால் அணியத்தில் நின்று வேலை செய்ய முடிகிறது என்றால் ஷீட்டைத் தளர்த்திவிட்டு டிரம்மையோ ஃபாயிலையோ கையால் திருப்பிச் சுருட்டலாம். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டாமல் அங்கே போகாதீர்கள்.

பாதி சுருண்ட நிலையில் கயிறு அறுந்தால் காற்று மீதிப் பாயையும் வெளியே இழுத்துவிடும், ஆக மறுபடி முதல் வழிதான். இரண்டும் நடக்கவில்லை என்றால், சுற்றிலும் இடம் இருக்கும்போது, எஞ்சினைப் போட்டுப் படகையே ஒரே திசையில் வட்டமாகத் திருப்பிக்கொண்டிருந்தால் படபடக்கும் பாய் ஃபோர்ஸ்டேயைச் சுற்றித் தானே சுருண்டுகொள்ளும். அதற்கு முன் ஷீட் கயிறுகள் தண்ணீரில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். புரொப்பல்லரில் அவை சுற்றிக்கொண்டால் எஞ்சினும் போய்விடும்.